பத்து சதவீத நிழல்: அமீரகத்தின் காடும் ஓமானின் காடும்

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலக நாடுகளின் காட்டுக் கணக்கைத் திரட்டி வெளியிடுகிறது. அதில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் ஓமானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமீரகத்தில் 1990இல் 2 லட்சத்து 45 ஆயிரம் ஹெக்டேர் காடு. 2000இல் 3 லட்சத்து 10 ஆயிரம். 2010இல் 3 லட்சத்து 17 ஆயிரம். அப்புறம் கோடு படுத்துவிடுகிறது; 2020இலும் அதே 3 லட்சத்து 17 ஆயிரம்தான். நிலப்பரப்பில் இது சுமார் நாலரை சதவீதம். ஓமானின் வரிசையிலோ இந்த முப்பது ஆண்டில் எந்த ஆண்டை எடுத்தாலும் இரண்டாயிரம், மூவாயிரம் ஹெக்டேர்தான். நாட்டின் பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் ஓமானின் கோடு அடித்தளத்தோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது. பாலைவனத்தில் காடு வளர்த்த நாடு ஒன்று, ஒன்றுமே செய்யாத நாடு ஒன்று என்றுதான் பார்க்கிறவர்கள் முடிவு கட்டுவார்கள்.

ஆனால் ஓமான் அமீரகத்தைவிட சுமார் நான்கு மடங்கு பெரிய நாடு. வடக்கே மூவாயிரம் மீட்டர் உயரத்தைத் தொடும் மலைத்தொடர், தெற்கே பருவக்காற்று நேராக வந்து மோதும் கடலோர மலைகள். கரீஃப் என்ற மூடுபனிப் பருவத்தில் துபாயிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் தெற்கு ஓமானின் சாலாலா நகருக்குக் கார் ஓட்டிப் போகும் நம்மவர்கள் பலருக்குத் தெரியும்: ஆயிரம் கிலோமீட்டருக்கு மணலும் கல்லுமாக வந்த சாலை கடைசி மலையேற்றத்தில் மூடுபனிக்குள் நுழைந்து, கொடைக்கானல் போல ஒரு பச்சைக்குள் இறங்கும். அந்தப் பச்சை மேலே சொன்ன கணக்கில் எங்கே?

முதலில் மூவாயிரம் ஹெக்டேர் என்றால் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 30 சதுர கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம். ஓமானின் தென் மாகாணமான தோஃபாரில் பருவக்காற்று நனைக்கும் மலைச்சரிவு மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. எப்படி அளந்தாலும் அந்தச் சரிவின் மரங்கள் ஆறுக்கு ஐந்தில் அடங்காது. ஆக, அந்த மலைகளின் பெரும்பகுதி ‘காடு’ என்ற கட்டத்துக்குள் வரவே இல்லை.

காரணம் வரையறை. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் காடு என்றால், அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்த (அல்லது அந்த இடத்தில் அப்படி வளரக்கூடிய) மரங்கள், தரையில் பத்து சதவீதத்துக்கு மேல் மரத்தலைகளின் மூட்டம். இந்த மூன்றும் வேண்டும். மூட்டம் ஐந்திலிருந்து பத்து சதவீதத்துக்குள் நின்றாலோ, புதரும் சிறுமரமுமாகக் கலந்திருந்தாலோ அது ‘மற்ற மரநிலம்’ என்ற வேறொரு கட்டத்துக்குப் போய்விடும். பழத்தோட்டம் காடு ஆகாது; எனவே பேரீச்சந்தோப்பு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் சேராது. ரப்பர் தோட்டம் சேரும். நட்ட மரமா, தானாக முளைத்த மரமா என்று மொத்தப் பரப்பு பார்ப்பதில்லை. குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறார்களா என்றும் பார்ப்பதில்லை.

மழைக்காட்டு நாடுகளில் இந்தக் கோட்டால் பெரிய சிக்கல் வராது. காடு இருக்கிற இடத்தில் மூட்டம் எழுபது, எண்பது சதவீதம். இல்லாத இடத்தில் வயல். வறண்ட நிலத்தில்தான் இயற்கையே பத்து சதவீதத்தை ஒட்டி மேலும் கீழுமாக நிற்கிறது. மரங்கள் தண்ணீருக்குப் போட்டியிட்டு ஒன்றிலிருந்து ஒன்று விலகி வளர்கின்றன, உயரத்தையும் அடக்கிக்கொள்கின்றன. அந்த நிலத்துக்கு முழு வளர்ச்சி அதுதான். கணக்கு அதைக் காடில்லை என்று ஒதுக்கிவிடுகிறது.

ஓமானின் ‘மற்ற மரநிலம்’ என்ற கட்டத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் விளங்கும். 2010 அறிக்கையில் அங்கே சுமார் 13 லட்சம் ஹெக்டேர் இருக்கிறது. ஓமானின் பரப்பில் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். அமீரகம் காடு என்று காட்டும் பங்குக்குக் கிட்டத்தட்ட சமம்! கல்தரையில் சிதறி நிற்கும் சமர் என்ற வேல மரங்கள், மணல் ஓரத்து வன்னி, வறண்ட ஆற்றுப் படுகைகளின் சித்ர் என்ற இலந்தை இனம் எல்லாம் இந்தக் கட்டத்துக்குரியவை. செய்திகளிலும் தரவரிசைகளிலும் எடுத்தாளப்படுவது முதல் கட்டம் மட்டும்தான். இரண்டாவதை யாரும் புரட்டுவதில்லை.

இனி அமீரகத்தின் பக்கம். அங்கே ஏறிய கோடு பொய்யல்ல. அந்தக் காடு உண்மையில் இருக்கிறது, அதைப் பிடிவாதமாக வளர்த்தார்கள். ஷேக் ஸாயித் 1966இல் அபுதாபியின் ஆட்சியாளரானார். 1971இல் அமீரகம் உருவானபோது அதன் முதல் தலைவர். அதற்கு முன்பே 1940களிலிருந்து அல் ஐன் சோலையைக் கவனித்து, தூர்ந்துபோன நிலத்தடி வாய்க்கால்களைச் சீர்செய்தவர். எண்ணெய்ப் பணம் வந்ததும் மரம் நடுவதை அரசின் பெரிய வேலைகளில் ஒன்றாக ஆக்கினார். மணல் சாலையை மூடாமல் தடுக்க, காற்றை உடைக்க, மானினங்களுக்குப் புகலிடம் தர என்று நோக்கங்கள் பல. பாலைவனத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு நிழல் மீது இருந்த ஆசையும் அதில் உண்டு என்றே நினைக்கிறேன்.

நட்டவை பெரும்பாலும் அந்த மண்ணின் மரங்கள்தான். காஃப் என்று அங்கே சொல்லும் மரம் நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னி. கூடவே சித்ர், சமர், பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி ஒடிக்கும் அராக். அபுதாபி அமீரகத்தின் மேற்குப் பகுதியிலும், அல் ஐன் நெடுஞ்சாலையின் இருபுறமும், குன்று குன்றான மணலைச் சமப்படுத்தி வரிசையாக நட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் இவை கட்டம் கட்டமான கருமையாகத் தெரியும்; ஓரங்கள் அளவுகோல் வைத்துக் கீறியது போல நேராக இருக்கும்.

அந்த வரிசையில் ஒரு மரத்தின் அடியில் குனிந்து பார்த்தால் கதை முழுக்க அங்கே இருக்கிறது. கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் ஒன்று மணலில் ஓடுகிறது. தண்டுக்கு அருகே ஒரு சொட்டுவாய். அதைச் சுற்றி ஈர வட்டம். வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பொருக்கு. குழாயில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீர். தண்ணீரை மரம் குடித்துவிடுகிறது, மீதி ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டர் கூட நிச்சயமில்லாத மழையால் அந்த உப்பைக் கழுவிக்கொண்டுபோக முடியாது. ஆகவே அதைக் கீழே தள்ளவும் கூடுதல் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது.

வன்னி மரம் தானாக முளைத்தால் வேரைப் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அனுப்பித் தனக்கான நீரைத் தானே தேடிக்கொள்ளும். சொட்டுநீரில் பழகிய மரத்தின் வேர் ஈர வட்டத்தைச் சுற்றியே மொய்க்கும். தண்ணீரை நிறுத்தினால் சில மரங்கள் சமாளிக்கும், பல காய்ந்துவிடும். இந்தக் காடு பம்பு ஓடும்வரை உள்ள காடு.

பம்பு இழுப்பது பெரும்பாலும் பழைய நீர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மழை அதிகமாக இருந்த காலத்தில் மண்ணுக்குள் சேர்ந்தது. இன்றைய மழை அதற்கு ஈடு செய்யாது. அபுதாபியின் நிலத்தடி நீரில் நன்னீர் மிகச் சிறு பங்குதான். மற்றதெல்லாம் உவரும் உப்பும். விவசாயமும் காடும் பூங்காவும் சேர்ந்து அதை இழுத்ததில் நீர்மட்டம் பல இடங்களில் கடுமையாக இறங்கியது. 2016இல் அபுதாபி நிலத்தடி நீருக்கென்றே ஒரு சட்டம் போட்டு, அந்த நீர் அபுதாபியின் சொத்து, அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது என்று அறிவித்தது. மரத்தண்டுகளில் கருவி பொருத்தி, உள்ளே ஓடும் சாற்றை அளந்து, ஒரு மரத்துக்கு உண்மையில் எத்தனை லிட்டர் போதும் என்று கணக்கிடும் ஆய்வுகள் நடந்தன. சுத்திகரித்த கழிவுநீரைக் காட்டுக்குத் திருப்பும் வேலையும் நடக்கிறது. 2010க்குப் பிறகு அந்தக் கோடு ஏறாமல் படுத்திருப்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நட இடமில்லாமல் நிற்கவில்லை. நட்டால் ஊற்ற நீரில்லை.

இதைச் சொல்வதால் அந்த மரங்கள் வீண் என்று ஆகாது. சாலையோர வன்னி இன்று தூசியைத் தடுக்கிறது, பறவைக்கு இடம் தருகிறது, வெயிலில் வேலை செய்கிற தொழிலாளிக்கு நிழலாகிறது. கடலோரத்தில் அபுதாபி நட்ட அலையாத்தி மரங்களுக்குக் குழாயே தேவையில்லை. உப்புநீரில் வாழும் வெண்கண்டல் இனம் அது, அலையேற்றமே அதற்குப் பாசனம். பாலைவன நாட்டில் செய்த காடு வளர்ப்பில் எனக்கு மிகவும் உருப்படியாகப் படுவது இதுதான்.

இப்போது தோஃபார். ஜூன் மாதம் கேரளத்தில் கொட்டத் தொடங்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் மறுகரையை உரசிக்கொண்டு போகிறது. போகும்போது கரையோரக் கடலின் மேல்நீரை வெளியே தள்ளுகிறது. அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த நீரின் மேல் படிந்து மூடுபனியாகிறது. மேலே சூடான வறண்ட காற்று மூடிபோல அழுத்துவதால் பனி உயர எழும்பிப் பெருமழையாக முடிவதில்லை. காரா, கமர், சம்ஹான் என்ற மலைகளின் கடல்பார்த்த சரிவில் அப்படியே அமர்ந்துவிடுகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை சூரியனைப் பார்ப்பதே அரிது. இதைத்தான் கரீஃப் என்கிறார்கள்.

மழைமானியில் பார்த்தால் விழுவது சொற்பம். சாலாலா நகரின் ஆண்டு மழை சுமார் நூறு மில்லிமீட்டர்தான்; பாலைவனக் கணக்கு. ஆனால் சரிவில் நிற்கும் மரங்கள் மழைக்காகக் காத்திருப்பதில்லை. பனி இலைகளில் பட்டுத் துளியாகத் திரண்டு, நுனியிலிருந்து சொட்டி, தண்டு வழியாக வழிந்து வேருக்குப் போகிறது. கரீஃப் சமயத்தில் ஒரு மரத்தடியில் நின்றால் தோள் நனையும். நாலடி தள்ளி வெட்டவெளிக்கு வந்தால் தூறல்தான். மரத்தடியில் சேரும் நீர் வெட்டவெளியில் விழுவதைவிட அதிகம் என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். மேகம் மூடியிருப்பதால் ஆவியாதலும் குறைவு. மண்ணில் தங்கிய ஈரத்தை வைத்துக்கொண்டு மரங்கள் பருவம் முடிந்த பிறகும் சில மாதம் பச்சையாக நிற்கும். அப்புறம் இலையுதிர்த்து அடுத்த ஜூனுக்குக் காத்திருக்கும். இந்தக் காட்டின் முதன்மை மரம் தோஃபாருக்கும் அதை ஒட்டிய ஏமன் மலைகளுக்கும் மட்டுமே உரியது; நம் மலைகளில் வளரும் வெக்காலி மரத்துக்கு நெருங்கிய உறவு. அழிவின் விளிம்பில் உள்ள அரேபியச் சிறுத்தை இன்னும் உலவுவதும் இந்தப் பக்கம்தான். அதற்காகவே 1997இல் சம்ஹான் மலை காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஆக, இந்தக் காட்டுக்குத் தண்ணீர் விடுவது அந்தக் காடேதான். அதனாலேயே அது எளிதில் உடைந்துபோகக்கூடியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்கே ஹில்டபிராண்ட், எல்ஃபாதி எல்தாஹிர் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பனியைப் பிடிக்க உயரமான மரத்தலை வேண்டும். மரம் போய்ப் புல் வந்துவிட்டால் பிடிபடும் நீர் குறைகிறது. நீர் குறைந்த மண்ணில் புதிய மரக்கன்று பிழைப்பது கடினம். ஒருமுறை மொட்டையானால் அதே பனி, அதே பருவம் ஆண்டுதோறும் வந்தாலும் காடு திரும்பிவராமல் போகலாம்.

மொட்டையாக்குவது யார் என்றால், பெரும்பாலும் ஒட்டகமும் மாடும் ஆடும். மலைவாழ் மக்கள் காலங்காலமாகக் கால்நடை வளர்த்தவர்கள்தான். கரீஃப் வந்தால் வழுக்கும் சரிவும் கடிக்கும் ஈயும் தாங்காமல் ஒட்டகங்களைச் சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள். பருவம் முடிந்ததும் மேலே ஏற்றுவார்கள். வறட்சியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் மந்தையின் அளவைத் தாமாகவே கட்டுப்படுத்தின. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்த பிறகு, குறிப்பாக 1970களின் நடுவில் தோஃபார் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, மலைமேல் சாலை வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, லாரியில் தண்ணீரும் தீவனமும் வந்தன. அந்த மக்களுக்கு இவை நியாயமாகக் கிடைக்க வேண்டியவை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மந்தையைக் கட்டுப்படுத்திவந்த தடை போய்விட்டது. எண்ணிக்கை பெருகியது. ஒட்டகம் கழுத்தை நீட்டினால் எட்டும் உயரம்வரை மரங்களின் கீழ்ப்பாகம் சமமாக வெட்டியது போலத் தெரிவதை இன்று பல சரிவுகளில் காணலாம். அதைவிட மோசம், அந்த உயரத்துக்குக் கீழே இளங்கன்றே இல்லாதது. கிழட்டு மரங்கள் விழும்போது இடத்தை நிரப்ப ஆளில்லை.

இங்கேதான் அந்தப் புள்ளிவிவரம் எனக்குக் கோபம் தருகிறது. முப்பது ஆண்டில் ஓமானின் கோடு அசையவில்லை என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே படிப்பவர் எடுத்துக்கொள்வார்? கணக்கில் சேராத காடு தேய்ந்தாலும் கணக்கு குறையாது. அமீரகத்தில் ஒரு தோப்பு காய்ந்தாலும் உடனே குறையாது. மரம் தற்காலிகமாக இல்லாத நிலமும் மீண்டும் வளரும் என்ற எதிர்பார்ப்பில் காடாகவே எண்ணப்படும். நிலையான கோடு இரண்டு நாட்டிலும் இரண்டு வேறு விஷயங்களை மறைக்கிறது. போதாக்குறைக்கு, இந்த அறிக்கைக்கு எண் தருவது அந்தந்த நாட்டு அரசுகள். புதிதாகக் கள அளவை செய்யாத ஆண்டுகளில் பழைய எண்ணையே திரும்பத் தரும் நாடுகள் உலகில் ஏராளம்.

ஓமானின் வடக்கிலும் இதே கதைதான். அல் ஹஜர் மலைகளில் சுமார் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஜூனிபர் மரங்கள், கூடவே காட்டு ஒலிவம். தாழ்ந்த பகுதிகளில் ஜூனிபர்கள் நுனியிலிருந்து காய்ந்துவருவதையும் புதுக்கன்று தலையெடுக்காததையும் 1990களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தோஃபார் மலைக்குப் பின்னால் பனி எட்டாத வறண்ட சரிவில் குந்திரிக்க மரங்கள். அவற்றுக்காக வாதி தவ்கா பள்ளத்தாக்கு 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. உலகப் புகழ்பெற்ற அந்த மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் இடங்களும் பத்து சதவீத மூட்டத்தை எட்டுவது கடினம்.

இது இந்த இரண்டு நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. ஆப்பிரிக்காவின் நைஜரில் அதிகாரபூர்வக் காட்டுப் பரப்பு 1990இல் 19 லட்சம் ஹெக்டேரிலிருந்து 2010இல் 12 லட்சத்துக்கு இறங்கியது. அதே காலத்தில் அந்நாட்டின் தெற்கே விவசாயிகள் தங்கள் வயலில் வெட்டுண்ட அடிக்கட்டைகளிலிருந்து துளிர்த்ததை வெட்டாமல் விட்டு, கவாத்து செய்து வளர்த்ததில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் வயல்களில் மரம் நிறைந்தது. வயல் என்பதால் அது காட்டுக் கணக்கில் வராது. 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு ஆய்வு, உலகின் வறண்ட பகுதிகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான அரை ஹெக்டேர் துண்டுகளைத் துல்லியமான செயற்கைக்கோள் படங்களில் மனிதக் கண்ணால் பார்த்து எண்ணியது. அதுவரை கணக்கில் வராத 46.7 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது என்றது முடிவு. உலகக் காட்டு மதிப்பீட்டை அது ஒரே அடியாக 9 சதவீதம் உயர்த்தியது. அந்த எண் அதிகம் என்று வாதிட்டவர்களும் உண்டு. வறண்ட நிலத்து மரங்களைச் சாதாரணப் படங்கள் தவறவிடுகின்றன என்பதில் மட்டும் சண்டையில்லை. 2020இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவின் சஹாரா, சாஹேல் பகுதிகளில் 180 கோடிக்கு மேற்பட்ட மரங்களை ஒவ்வொன்றாகக் கணினியால் அடையாளம் கண்டது. பரப்பை விட்டுவிட்டு மரத்தையே எண்ணலாம் என்ற நிலைக்குத் தொழில்நுட்பம் வந்துவிட்டது.

ஆகவே அடுத்த முறை இரண்டு வறண்ட நாடுகளின் காட்டுக் கோடுகளை ஒப்பிட்டு யாராவது படம் போட்டால், மொத்தப் பரப்போடு நிற்காமல் இன்னும் இரண்டு கட்டங்களைத் திறக்கச் சொல்லுங்கள். நட்டது எவ்வளவு, தானாக வளர்ந்தது எவ்வளவு என்று அதே அறிக்கையில் தனித்தனியாக உண்டு. அமீரகத்தின் காடு கிட்டத்தட்ட முழுவதும் நட்டது என்பது அங்கே தெரிந்துவிடும். அடுத்தது ‘மற்ற மரநிலம்’. இந்த இரண்டிலும் கிடைக்காத ஒரு விவரமும் இருக்கிறது: ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு எவ்வளவு நீர் இறைக்கிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்பது. நீர்ச் செலவையும் இளங்கன்றுகளின் எண்ணிக்கையையும் காட்டுப் பரப்போடு சேர்த்து வெளியிட்டால், ஓமானும் அமீரகமும் இருக்கும் வரிசை தலைகீழாக மாறலாம். தோஃபாரில் வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்த துண்டுகளில் கன்றுகள் எத்தனை தலையெடுக்கின்றன என்ற எண்தான் இப்போதைக்கு அந்த நாட்டின் காட்டைப் பற்றி நான் மிகவும் அறிய விரும்பும் எண்.